உள்ளே மருந்து இல்லாத ஊசி

அந்தக் கவர்ல இருக்கிறது முதுகு ஸ்கேனா சார்? தப்பா நினைக்காதீங்க. முப்பத்தோரு வருஷமா அருப்புக்கோட்டையில மருந்துக் கடை வச்சிருக்கேன். நீங்க உக்காரும்போதே ஒரு பக்கமாச் சாஞ்சு உக்காந்தீங்க, அப்பவே நினைச்சேன். முதுகுதானே? ஆங்.

மதுரைக்கா? நானும் அங்கதான். மாட்டுத்தாவணியில இறங்கி அண்ணா நகர் போகணும், ஊசி டாக்டர்கிட்ட. சாதாரண ஊசி இல்ல சார், அக்குபங்சர். எனக்கு இல்ல. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். வீட்டுல உள்ளவளுக்கு. அந்தா முன்னாடி, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, ஜன்னலோரம், கரும்பச்சைச் சேலை. அவதான். மங்களேஸ்வரி.

சேர்ந்துதான் வந்தோம். பஸ் ஏறினதும் நேரா அங்க போய் உக்காந்துக்கிட்டா. டிக்கெட்டும் அவளே எடுத்துக்கிட்டா. நான் பேசிக்கிட்டே வருவேன், அவளுக்குச் சத்தம் ஆகாது, அதுக்காக இருக்கும். ரெண்டு மாசமா இப்படித்தான். அது கெடக்கட்டும்.

ஒரு நிமிஷம் சார், காலை ஒதுக்கிக்கோங்க.

ஒண்ணுமில்ல. ஜன்னலைச் சாத்தியிருக்காளான்னு எந்திரிச்சுப் பார்த்தேன். எதிர்க்காத்து பட்டா அவளுக்கு நெத்திப்பொட்டு பிடிச்சுக்கும். சாத்தித்தான் இருக்கா. சரி.

அந்த ஊசி கேக்குமா கேக்காதான்னு நீங்க கேக்கப் போறீங்க. கடைக்கு வர்றவங்க எல்லாரும் இப்ப அதைத்தான் கேக்குறாங்க. சொல்றேன். நல்லதையும் சொல்றேன், கெட்டதையும் சொல்றேன். நான் நடுவுல நிக்கிற ஆளு.

மங்களேஸ்வரிக்கு ஒத்தைத் தலைவலி. எங்களுக்கு ஒரே மக, இந்துமதி. அவ காலேஜ் சேர்ந்த வருஷம் ஆரம்பிச்சது, பதினோரு வருஷம் ஆச்சு. இடது பக்கம் மட்டும். வந்துச்சுன்னா வெளிச்சம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது, வாந்தி வரும். முதல்ல மாசத்துக்கு ரெண்டு தடவை வந்துச்சு. நான் விடுவேனா? கையில மருந்துக் கடை. ஊருக்கே குடுக்கிறவன் வீட்டுக்குக் குடுக்க மாட்டேனா?

அவ கேக்கவே வேண்டாம் சார். புருவம் இப்படிச் சுருங்கும், அதை வச்சே கண்டுபிடிச்சிருவேன். வெந்நீரு ஆத்தி, மாத்திரையை அட்டையில இருந்து பிச்சு, உள்ளங்கையில வச்சு நீட்டுவேன். நான் பூ வாங்கிக் குடுத்தவன் இல்ல. சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனவன் இல்ல, கடையை விட்டுட்டு எங்க போறது? ஆனா ஒரு நாள், ஒரு நாள்கூட அவ மாத்திரைக்காகக் காத்திருந்ததில்ல. அதை நான் எங்க வேணாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். காலையில காபிகூட நான்தான் போடுவேன். அவ எந்திரிச்சதும் அடுப்பு முன்னாடி நிக்க வேண்டாம்னு அஞ்சு மணிக்கே எந்திரிச்சுப் போட்டு வச்சிருவேன்.

மாசத்துக்கு ரெண்டு தடவைங்கிறது நாலாச்சு. நாலு, வாரத்துக்கு ரெண்டாச்சு. கடைசி நாலஞ்சு வருஷம் அநேகமா தினமும்தான். வலி கூடக் கூட நானும் கூட்டிக்கிட்டே போனேன், சும்மா விடல. மதுரையில பெரிய டாக்டர்கிட்ட காட்டி மூளை ஸ்கேன் எடுத்தோம். கட்டி இல்ல, அடைப்பு இல்ல. ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க. ஒண்ணுமில்லாததுக்கா ஒரு பொம்பளை தலையில துணியைக் கட்டிக்கிட்டு இருட்டு ரூமுல கெடப்பா?

இந்துமதி இப்ப மதுரையில பேங்க்ல இருக்கா. கூட வேலை பார்க்கிற அம்மாவுக்கு முழங்கால் வலி இந்த ஊசியில குறைஞ்சிருக்கு. போன தை மாசம், பொங்கல் கழிச்சு, என்னைக் கேக்காமலே அவங்க அம்மாவுக்கு நாள் வாங்கிட்டா. டாக்டர் பேரு ஹெப்சிபா. இயற்கை வைத்தியத்துக்குன்னு காலேஜ்ல அஞ்சரை வருஷம் படிச்சவங்க, அதை நான் சுவத்துல சர்டிபிகேட்டைப் பார்த்து உறுதி பண்ணிக்கிட்டேன். வயசு முப்பத்தஞ்சு இருக்கும். என் கடைக்கு இருக்கிற வயசைவிட நாலுதான் கூட!

முதல் நாள் எங்க ரெண்டு பேரையும் இந்துமதியையும் எதிர்ல உக்கார வச்சாங்க. எத்தனை வருஷமா வலி, எந்தப் பக்கம், தூக்கம் எப்படி, எல்லாம் கேட்டாங்க. அப்புறம், "மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடுறீங்கம்மா?"ன்னு கேட்டாங்க. மங்களேஸ்வரி என்னைப் பார்த்தா. அவளுக்கு என்ன தெரியும், குடுக்கிறவன் நான். நான் சொன்னேன், "இருபத்தஞ்சு, இருபத்தாறு நாள் வரும் டாக்டர். வலி விடாத அன்னிக்கு ரெண்டு, மூணு. ஒரு நாள் தவறவிட்டதில்ல."

பெருமையாத்தான் சொன்னேன். அந்தம்மா பேனாவைக் கீழ வச்சுட்டாங்க.

"ஐயா, தலைவலி மாத்திரையை இத்தனை நாள் தொடர்ந்து போட்டா, அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டாந்துரும். உங்க வீட்டம்மாவுக்கு இப்ப இருக்கிறதுல பாதிக்கு மேல மாத்திரையால வர்ற வலி. முதல்ல அதை நிறுத்தணும்"னு சொல்றாங்க.

பாருங்க சார். வலிக்குப் போடுற மாத்திரையால வலி வருதாம். குடை பிடிச்சதால மழை வந்துச்சுன்னு சொல்ற மாதிரி இல்ல? நான் சிரிச்சேன். இந்துமதி சிரிக்கல. மங்களேஸ்வரியும் சிரிக்கல. அவ கையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா.

"சரி, ஊசி என்ன பண்ணும்?"னு கேட்டேன். நான் ஒரு காலத்துல ஊருல எத்தனை பேருக்கு ஊசி போட்டவன் சார், இப்பத்தான் அதெல்லாம் கூடாதுங்கிறாங்க. ஊசின்னா உள்ள மருந்து இருக்கணும். இதுல மருந்தே இல்ல. தலைமுடி மாதிரி ஒரு கம்பி. உள்ள மருந்து இல்லாத ஊசி என்ன பண்ணும்?

அந்தம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க. "உடம்பு வலியை எடுத்துக்கிற விதம் மாறும்னு பார்த்திருக்கோம். தலைவலி, கழுத்து வலி, முதுகு வலி, முழங்கால் வலி, இதெல்லாம் பலருக்குக் குறையுது. சிலருக்கு ஒண்ணும் தெரியுறதில்ல. எல்லா நோயும் போயிரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அம்மா பிரஷர் மாத்திரை போடுறாங்கல்ல, அதை நிறுத்தவே கூடாது. தலைவலி மாத்திரையை விடுறதுக்கு மட்டும்தான் இப்ப ஊசியைத் துணைக்கு வச்சுக்கிறோம்."

துணைக்கு! பதினோரு வருஷம் துணைக்கு இருந்தவன் பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கேன்.

உள்ள படுக்க வச்சு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒண்ணு, பாதத்துல ஒண்ணு, பின்கழுத்துல மண்டை ஆரம்பிக்கிற எடத்துல ரெண்டு, நெத்திப்பொட்டுல ஒண்ணுன்னு போட்டாங்களாம். எல்லாம் புது ஊசி, உறையைப் பிரிச்சுப் போட்டுட்டுத் தூக்கி எறிஞ்சிருவாங்க, அது சுத்தம்தான், அதுல குறை சொல்ல மாட்டேன். என்னை வெளியில இருக்கச் சொல்லிட்டாங்க. இருபத்தஞ்சு நிமிஷம். நான் அங்க இருக்கிற வராந்தாவுல நடந்துக்கிட்டிருந்தேன். நர்ஸ் பொண்ணு வந்து, "சார், உங்க செருப்புச் சத்தம் உள்ள கேக்குதாம், கொஞ்சம் உக்காருங்க"ன்னுச்சு. செருப்பைக் கழட்டிட்டு நடந்தேன். மறுபடி வந்து, "சார், நிழல் கதவுக் கண்ணாடியில போகுது வருதாம்"னுச்சு. யாரு சொன்னா, டாக்டரான்னேன். இல்ல, பேஷன்ட் சொன்னாங்கன்னுச்சு.

வெளிய வந்தவகிட்ட எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். "எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. அப்புறம் கை கனமா எறங்குச்சு. அப்புறம் தெரியல, தூங்கிட்டேன்"னா. பட்டப்பகல்ல, வேத்து ஊருல, கட்டில்ல படுத்துத் தூங்கியிருக்கா. வீட்டுல பகல்ல கண் அசந்து நான் பார்த்ததே இல்ல. பக்கத்துலயே இருந்து வலிக்குதா வலிக்குதான்னு கேட்டுக்கிட்டே இருப்பேனே.

அன்னிக்கே ஒரு சோதனை பண்ணிப் பார்த்துரணும்னு தோணுச்சு சார். மறுநாள் கடையில ஒரு சின்ன ஊசியைப் பிரிச்சு, அவளுக்குப் போட்ட அதே எடத்துல, கட்டைவிரலுக்கும் விரலுக்கும் நடுவுல, நானே குத்திக்கிட்டேன். இது மருந்து ஏத்துற ஊசி, அது கம்பி, அது எனக்கும் தெரியும். ஆனா ஊசி ஊசிதானே? கை கொழுக்கட்டை மாதிரி வீங்கிப் போச்சு. நாலு நாள் இடது கையில அட்டை பிரிச்சேன். உள்ள மருந்து இல்லாத ஊசியால ஒண்ணும் நடக்காதுன்னு நிரூபணம் ஆயிருச்சு. மங்களேஸ்வரிகிட்ட காட்டினேன். "உங்களை யாரு குத்திக்கச் சொன்னது?"ன்னா.

வாரத்துக்கு ரெண்டு தடவைன்னு பன்னெண்டு தடவை வரச் சொல்லியிருந்தாங்க. கையில ஒரு நோட்டும் குடுத்தாங்க. தேதி, வலி வந்துச்சா, எவ்வளவு நேரம், என்ன சாப்பிட்டோம், எப்ப தூங்கினோம், எல்லாம் எழுதணும். தலைவலி மாத்திரையை அன்னிக்கே நிறுத்தியாச்சு. முதல் ரெண்டு வாரம் வலி கூடத்தான் செய்யும், பயப்படாதீங்கன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க.

அந்த ரெண்டு வாரம், சார்... எதிரிக்கும் வேண்டாம். கதவைச் சாத்திக்கிட்டு உள்ள கெடந்தா. வாந்தி எடுக்கிற சத்தம் வெளிய கேக்கும். என் சட்டைப்பையில மாத்திரை அட்டை இருக்கு. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நிக்கிறேன். "ஒண்ணே ஒண்ணு போட்டுக்க மங்களேஸ்"னு கெஞ்சினேன். "வேண்டாம்"னா. கால் மணி நேரம் கழிச்சு, "பாதி?"ன்னேன். "அங்கிட்டுப் போங்க"ன்னா. கல்யாணமாகி முப்பது வருஷத்துல என்னை அங்கிட்டுப் போங்கன்னு அவ சொன்னதில்ல. கடைக்குப் போனா கை ஓடல. யாருக்கோ இருமல் மருந்துக்குப் பதிலா பேதி மருந்தை எடுத்து நீட்டிட்டேன், நல்லவேளை அவரு படிச்சுப் பார்த்தாரு.

மூணாவது வாரம் குறைஞ்சுது. உள்ளதைச் சொல்லணும், குறைஞ்சுது. பங்குனி பிறக்கும்போது மாசத்துக்கு மூணு நாள்தான் வலி. அதுவும் ஈரத் துணியைப் போட்டுப் படுத்தா போயிரும். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வர்றேன், மொட்டை மாடியில நின்னு கொளுத்துற வெயில்ல வடகம் காயப்போடுறா. தலையில முந்தானைகூட இல்ல. "கீழ வா"ன்னு கத்துறேன், "இருங்க, இன்னும் ரெண்டு வரிசை இருக்கு"ங்கிறா.

அதோட விட்டாளா? ஸ்கூட்டி கத்துக்கிட்டா சார். அம்பத்திரண்டு வயசுல! எதிர்த்த வீட்டு டீச்சரம்மா பின்னாடி உக்காந்துக்கிட்டுச் சொல்லிக் குடுக்க, இவ பாளையம்பட்டி ரோட்டுல ஓட்டிப் பழகியிருக்கா. ஒரு நாள் கடை வாசல்ல வந்து ஆரன் அடிக்கிறா. கடையில நின்ன ஆளுங்க எல்லாம் சிரிக்கிறாங்க. "என்னண்ணே, அண்ணிக்கு ஊசி நல்லா ஏறியிருக்கே"ன்னு ஒருத்தன். நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது?

சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா சார், வீட்டுல இருப்புக் கொள்ளல. முன்னெல்லாம் நான் உள்ள நுழைஞ்சா, "ஏங்க"ன்னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எப்படி வருதுங்கிறதை வச்சே எந்த மாத்திரைன்னு எனக்குத் தெரியும். இப்ப நுழைஞ்சா டி.வி. ஓடுது, அவ சிரிச்சுக்கிட்டிருக்கா, "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்"ங்கிறா. நான் வெந்நீர் வச்சுட்டு நிப்பேன். யாருக்கு? ஆறினதும் கொட்டிருவேன்.

காரியாபட்டி வரப் போகுது. நீங்க இறங்கணுமா? ஆமா ஆமா, மதுரைன்னு சொன்னீங்க. மறந்துட்டேன்.

எங்க விட்டேன்? ஆங். நல்லதைச் சொல்லிட்டேன், கெட்டதைக் கேளுங்க. ஆடி மாசம் வலி திரும்பி வந்துருச்சு. மூணு நாள் வந்தது பத்து நாள் ஆச்சு, பதினஞ்சு ஆச்சு. பார்த்தீங்களா? ஊசிக்கு அவ்வளவுதான் ஆயுசு. மறுபடி மதுரைக்கு வந்து போட்டோம், போட்ட அன்னிக்கு நல்லா இருக்கும், ரெண்டாம் நாளு பழையபடி. ஸ்கூட்டியை மூடி போட்டு வச்சுட்டா.

ஆவணியில என் தம்பி மகன் கல்யாணம், ராஜபாளையத்துல. அந்தப் பையனைச் சின்ன வயசுல இவதான் எடுத்து வளர்த்தா, தம்பி சம்சாரத்துக்கு அப்ப மஞ்சக்காமாலை. மண்டபத்துக்கு வந்து எறங்கினதுமே வலி. மேளச் சத்தம் வேற. பாத்திரமெல்லாம் அடுக்கி வச்சிருக்கிற ரூமுல, அரிசி மூட்டை மேல தலை சாய்ச்சுக் கெடந்தா. தாலி கட்டுறதைப் பார்க்கல. கெட்டிமேளம் கேட்டப்ப அழுதா. "போச்சுங்க. ஊசியும் என்னைக் கைவிட்டுருச்சு. இனி எனக்கு இதுதான்"னு சொல்லி அழுதா. நான்தான் பக்கத்துல உக்காந்து விசிறினேன். வேற யாரு?

புரட்டாசியில டாக்டரம்மா அந்த நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாப் பார்த்தாங்க. நான் வெளிய இருந்தேன், இந்துமதி சொல்லித்தான் தெரியும். "மறுபடி மாத்திரை போடுறீங்களாம்மா?"ன்னு கேட்டாங்களாம். "கர்த்தர் மேல சத்தியமா இல்லைங்க டாக்டர்"னாளாம், அந்தம்மா கிறிஸ்தவங்க, அதுக்காக. நடுவுல மக வீட்டுல பத்து நாள் தங்கியிருந்தா. அந்தப் பத்து நாள்ல முதல் நாலு நாள் கடுமையான வலி, அப்புறம் வலியே இல்லைன்னு எழுதியிருக்கா. வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஆரம்பம். "மக வீட்டுல இல்லாம உங்க வீட்டுல மட்டும் தினமும் உள்ளது என்னம்மா?"ன்னு கேட்டாங்களாம். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்காங்க. எல்லாப் பக்கத்துலயும் காலையில முதல் வரி, 'காபி, அவர் போட்டது'.

மறுநாள் விடியக்காலம் நான் அடுக்களையில நிக்கிறேன். ரெண்டு ஸ்பூனுக்கு நடுவுல மாத்திரையை வச்சு நசுக்குறேன். திரும்பினா வாசல்ல நிக்கிறா.

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீங்க? விஷமா வச்சேன்? அவளுக்குப் பழகின மாத்திரை, பதினோரு வருஷம் அவ உடம்பு ஏத்துக்கிட்ட மாத்திரை. வைகாசியில ஒரு நாள், அக்னி நட்சத்திரம் முடியிற சமயம், அவ புருவம் லேசாச் சுருங்குனதைப் பார்த்தேன். அவளுக்கே தெரியாது, எனக்குத் தெரியும். மாத்திரைன்னா வேண்டாம்னுருவா. அதனால பாதியை நசுக்கிக் காபியில போட்டேன். கசப்பு தெரியாம இருக்க டிகாக்ஷனைக் கொஞ்சம் தூக்கலா விட்டேன். அன்னிக்கு அவளுக்கு வலி வரல. சரி, மறுநாளும் வராம இருக்கட்டும்னு போட்டேன். வந்த பிறகு எவன் வேணாலும் குடுப்பான் சார். வர்றதுக்கு முன்னாடியே குடுக்கிறதுதான் அக்கறை.

அவ சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா எனக்குப் பதில் இருந்துச்சு.

"எத்தனை நாளா?"ன்னா.

"வைகாசியில இருந்து. பாதிதான் மங்களேஸ். பாதிக்கு மேல போட்டதில்ல."

கதவைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா. "மண்டபத்துல நான் அழுதேனே, அப்ப நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"ன்னா.

"இருந்தேன். விசிறிக்கிட்டு இருந்தேன்."

"அன்னிக்குக் காலையில?"

பொய் சொல்ல எனக்கு வராது சார். "அன்னிக்கு முழுசு. கல்யாண நாளாச்சேன்னு"ன்னு சொன்னேன்.

எந்திரிச்சு அந்தக் காபியை எடுத்துத் தொட்டியில ஊத்தினா. டம்ளரைக் கழுவினா. மறுபடி கழுவினா. புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவினா. அன்னிக்கு மத்தியானமே மதுரைக்குப் பஸ் ஏறிட்டா. பன்னெண்டு நாள் மக வீடு. நான் போன் பண்ணினா இந்துமதிதான் எடுப்பா. "அம்மா தூங்குறாங்கப்பா." எப்ப பண்ணினாலும் தூங்குறாங்கப்பா. பதிமூணாம் நாள் காலையில அவளே வந்து எறங்கினா. நேரா அடுக்களைக்குள்ள போனா, பாலைக் காய்ச்சினா. அன்னிக்கிலிருந்து காபி அவதான் போடுறா.

எனக்கும் சேர்த்துத்தான் போடுறா. குறை சொல்ல முடியாது. சர்க்கரை சரியா இருக்கும்.

இப்ப கார்த்திகை. போன மாசம் முழுக்க நாலு நாள்தான் வலி. ஊசி வேலை செய்யுதுன்னு அவ சொல்றா. டாக்டரம்மா, ஊசி பாதி, மாத்திரை நின்னது பாதிங்கிறாங்க. எனக்கு என்ன தோணுதுன்னா சார், இத்தனை வருஷம் உள்ள போன மாத்திரை எல்லாம் சேர்ந்து இப்பத்தான் வேலை செய்யுது. மருந்துங்கிறது உடனே கேக்கணும்னு கட்டாயமா? இதை இந்துமதிகிட்ட சொன்னேன். போனை வச்சுட்டா.

உங்க முதுகுக்குப் போய்ப் பாருங்க சார், போக வேண்டாம்னு சொல்ல மாட்டேன். என் கடைக்கு வர்ற ரெண்டு மூணு பேருக்கு முதுகு நல்லாவே கேட்டிருக்கு. கால் மரத்துப் போகுதா? போகலைல்ல? போச்சுன்னா முதல்ல எலும்பு டாக்டர், அப்புறம்தான் ஊசி, இது அந்தம்மாவே சொன்னது.

இன்னொண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொன்னதில்ல. இப்ப கொஞ்ச நாளா அவகிட்ட ஒரு பழக்கம். காபி ஆத்தி டம்ளர்ல ஊத்தி வச்சிருப்பா. நான் அந்தப் பக்கமாப் போனா, டம்ளர் மேல உள்ளங்கையை வச்சு மூடிக்கிறா. நான் தாண்டிப் போன பிறகு கையை எடுக்கிறா. சூடு ஆறிரக் கூடாதுன்னு. அப்படித்தான் இருக்கும், இல்ல? வெண்கல டம்ளர், சீக்கிரம் ஆறிரும். தண்ணி குடிக்கும்போதும் அப்படித்தான் மூடிக்கிறா. அது பச்சைத் தண்ணி சார்.

அதான் எனக்குப் புரியல. அதான் ராவும் பகலும்...

வலையங்குளம் போயிருச்சா? பாருங்க சார், அவ நெத்தியில கை வச்சிருக்கா. இடது பக்கம். ஜன்னல்ல தலையைச் சாய்க்கிறா. வலி வந்துருச்சு. எனக்கு இங்கிருந்தே தெரியுது. புருவத்தைப் பாருங்க. நீங்க பார்க்க முடியாது, எனக்குத் தெரியும்.

திரும்பிப் பார்க்கிறா. என்னையா? என்னைத்தான். கையைக் காட்டுறா. இருங்க, இருங்க, வழி விடுங்க சார், என்னன்னு கேட்டுட்டு வந்துர்றேன்.

பையை எடுக்க வந்தேன் சார். உங்க காலுக்குக் கீழ இருக்கு, அந்த மஞ்சப் பை. பக்கத்துல இருந்த அம்மா இறங்கிட்டாங்களாம், இடம் இருக்காம். "வாங்க, இங்க உக்காருங்க"ன்னா. ரெண்டு மாசத்துக்கு அப்புறம் முதல் தடவை.

வலிக்குதான்னு கேட்டேன். ஆமான்னா. மாத்திரைன்னு நான் வாயே திறக்கல சார், சத்தியமாத் திறக்கல. நான் என்ன பண்ணட்டும்னு மட்டும்தான் கேட்டேன். "ஒண்ணும் பண்ண வேண்டாம். பேசவும் வேண்டாம். சும்மா பக்கத்துல இருங்க"ன்னா.

சும்மாங்கிறா சார். மாட்டுத்தாவணிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு. பக்கத்துல அவளுக்கு வலிக்குது. இந்தக் கையை நான் எங்க வச்சுக்கிறது?